பாதி பலித்த ஆரூடம்: மூன்று இணைப்புகள், 25 ஆண்டுகள்

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தந்த மோடத்தின் பெட்டியில் வேகம் நொடிக்கு 56 கிலோபிட் என்று போட்டிருக்கும்; 45-ஐத் தொட்டால் அன்றைக்கு நல்ல நாள். 4 மெகாபைட் பாட்டு ஒன்று இறங்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பதினோராவது நிமிடத்தில் வீட்டில் யாராவது தொலைபேசியை எடுத்தால் எல்லாம் பாழ். அப்படித் தொடங்கியவன் நான். பிறகு அதே தொலைபேசிக் கம்பியில் வேகமாக வரும் ஏடிஎஸ்எல், இப்போது கண்ணாடியிழை (ஃபைபர்). இவை வருமுன் சொல்லப்பட்ட ஆரூடங்களை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. காசு கொடுத்ததில் பாதி அந்த வாக்குறுதிகளுக்காகத்தானே!

1993-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி வெளியிட்ட விளம்பரங்கள் பெரும்பாலும் பலித்தன. சுங்கச்சாவடியில் நிற்காமல் கட்டணம், நினைத்த நேரத்தில் திரைப்படம், கடற்கரையிலிருந்து ஃபேக்ஸ். கடற்கரை இருக்கிறது, ஃபேக்ஸைத்தான் காணோம். 1996-இல் இணையம் குலைந்துவிடும் என்று 1995 இறுதியில் எழுதியவர், கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டின் முன்னோடி ராபர்ட் மெட்காஃப்; 1997-இல் அந்தப் பத்தியை மிக்சியில் அடித்து மேடையிலேயே விழுங்கினார். இன்றைய நிபுணர்களிடமும் இந்த நேர்மையை எதிர்பார்க்கிறேன்.

1964-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பிபிசியில் சொன்னது இன்னும் துணிச்சலானது: எடின்பரோவிலிருக்கும் மருத்துவர் நியூசிலாந்து நோயாளிக்கு மூளை அறுவை சிகிச்சை செய்வார். 2001 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்த மருத்துவர்கள், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றினார்கள். மூளை இல்லை, பித்தப்பைதான். இருந்தாலும் மதிப்பெண் கொடுக்கலாம். நகரங்களுக்கே தேவை இருக்காது என்றும் அவர் சொன்னார். அதற்குப் பூஜ்யம்.

அவரும், 1968-இல் கணினியைத் தொடர்புக் கருவியாகக் கண்ட கணினி அறிஞர்கள் லிக்லைடரும் டெய்லரும், மனிதர்கள் இரு பக்கமும் பேசுவதைத்தான் கற்பனை செய்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த கம்பியோ ஒருவழிப்பாதை. ஏடிஎஸ்எல்லில் முதல் எழுத்துக்கே 'சமச்சீரற்ற' என்றுதான் பொருள். பல வீடுகளின் கம்பிகள் ஒரே கட்டாகப் போவதால் ஏற்றத்தின் (நாம் அனுப்புவதன்) வேகத்தைக் கூட்டினால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் கலக்கும். அதனால் ஏற்றத்தைக் குறுக்கி இறக்கத்தை (நமக்கு வருவதை) அகலமாக்கினார்கள். தொலைபேசி நிறுவனங்களின் கண்ணும் வீட்டுக்குப் படம் காட்டி விற்பதில்தான் இருந்தது. நாம் அனுப்பவும் ஏதாவது வைத்திருப்போம் என்ற எண்ணமே அந்தக் கணக்கில் இல்லை.

என் இணைப்பில் இறக்கம் 2 மெகாபிட், ஏற்றம் 256 கிலோபிட். குழந்தை முதலில் நடந்த வீடியோவை, 30 மெகாபைட், அம்மாவுக்கு அனுப்பக் கால் மணிக்கு மேல் ஆனது. அதுவரை வீட்டில் யாருக்கும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. 2020-இல் இதற்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்தோம். அப்போது ஏற்றத்துக்கு 1 மெகாபிட். அதில் மகளின் வகுப்பும் என் அலுவலகக் கூட்டமும். தினமும் பத்து மணிக்கு என் குரல் துண்டு துண்டாகும். ரவுட்டரை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். நான்காம் நாள்தான் குற்றவாளி சிக்கியது: மேசை மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டே புகைப்படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த என் கைபேசி.

கண்ணாடியிழை வந்தபின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றுபோல 100 மெகாபிட். தொல்லை இல்லை, குறை சொல்ல வழியும் இல்லை. முகம் பார்த்துப் பேசும் பிக்சர்ஃபோனை 1970-இல் பிட்ஸ்பர்கில் விற்கத் தொடங்கியபோது வாங்க ஆளில்லை. இப்போது அந்த வசதி இலவசமாகக் கிடைக்கிறது. நேற்றைய கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தோம், எட்டுக் கேமராக்கள் அணைந்திருந்தன. ஒன்று என்னுடையது. முதல் ஐந்து நிமிடமும் வழக்கம்போல "நான் பேசுவது கேட்கிறதா?" என்பதிலேயே போயிற்று.