கோனோ வீடர் வாங்கலாமா? இரண்டு நெல் பருவம் ஓட்டிய அனுபவம்

எனக்கு வீடு, வேலை எல்லாம் திருவொற்றியூரில். பொன்னேரிப் பக்கம் ஒரு ஏக்கர் இருக்கிறது, மாமாதான் பயிர் வைக்கிறார். அவருக்காகப் போன நவரைப் பட்டத்துக்கு முன்னால் செங்குன்றத்தில் ஒரு கடையில் கோனோ வீடர், அதாவது நெல் வயலில் கையால் தள்ளிக் களை எடுக்கும் கருவி, வாங்கினேன், இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. நவரை, சொர்ணவாரி என்று இரண்டு நெல் பட்டம் (பருவம்) ஓட்டியாச்சு. நல்ல கருவி, தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

முன்னால் ஒரு மிதவை, அதன் பின்னால் பல் வைத்த இரண்டு கூம்பு உருளை, நீளமான கைப்பிடி, அவ்வளவுதான் கருவி. வயலில் லேசாகத் தண்ணீர் நிற்கும்போது வரிசைக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ளினால் களையைப் பிடுங்கிச் சேற்றிலேயே அமுக்கிவிடும், மண் கிளறி வேருக்குக் காற்றும் போகும். நட்ட பத்தாம் நாள் தொடங்கி பத்து நாளுக்கு ஒரு தடவை ஓட்டினோம். பயிர் அடியிலிருந்து கிளைத்துத் தூர் கட்டியதும் மாமா குனிந்து ஒரு குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்ட பயிரை, பிடித்துக்கொண்டு தூர்களை ஒவ்வொன்றாக எண்ணியதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் வரிசையாக, 22.5 செ.மீ. அளவுக்கு இடைவெளி விட்டுச் சதுரமாக நட்டிருந்தால்தான் இது நன்றாக ஓடும். அப்படி இடைவெளி விட்டு 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக நடுங்கள் என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் எத்தனையோ கூட்டத்தில் சொன்னார்கள், ஊரில் யாரும் அசையவில்லை. "ஒத்த நாத்து வெச்சா வயலே மொட்டையா கெடக்கும்" என்று நடவுப் பெண்களே ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒருத்தர் துணிந்து செய்தார், நன்றாக விளைந்தது. அவர் மண் அப்படி என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் எங்கள் சித்தப்பா செய்தார், மாமா நிலத்துக்குப் பக்கத்து வரப்பு, அதே மண், அதே வாய்க்கால் தண்ணீர். அதைப் பார்த்த பிறகுதான் மாமா எனக்குப் போன் போட்டார்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற சமூகவியலாளர்கள் 1943-இல் எழுதினார்கள்: சேதியைக் கொண்டுவந்தது பெரும்பாலும் விதை விற்பவர், மனசை மாற்றியது பக்கத்து விவசாயி. மலாவியில் 200 கிராமங்களில் குழி நடவு பற்றி நடத்திய ஆய்விலும், தெரிந்தவர்களில் ஒருத்தர் கற்றுக்கொண்டால் போதவில்லை, இரண்டு பேராவது வேண்டியிருந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது உண்மைதான், மாமாவும் பார்த்திருக்கிறார். ஆனால் உருளை சேற்றில் சிக்கும்போது கைப்பிடியை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பது சித்தப்பா பின்னால் நின்று கையைப் பிடித்துக் காட்டியபோதுதான் பிடிபட்டது. நடவுப் பெண்களும் இப்போது அடுத்த ஊருக்குப் போகும்போது மார்க்கர் (வயலில் வரிசைக் கோடு போடும் கருவி) இழுத்து நடும் வித்தையை எடுத்துக்கொண்டு போகிறார்கள், எந்தக் கூட்டத்தையும்விட இது வேகமாகப் பரவுகிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டத்திலேயே மிதவையின் வெல்டிங் விட்டுவிட்டது, கடையில் மாற்றித் தரவில்லை, எங்கள் தெருப் பட்டறையில் பற்றவைத்தோம். அதனால் வாங்கும்போதே ஒட்டுகளைத் தட்டிப் பாருங்கள். இன்னொன்று, களை எடுப்பது பெரும்பாலும் பெண்கள், ஆனால் கைப்பிடி உயரமான ஆளுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது. அத்தை அரை மணி நேரம் தள்ளிவிட்டுத் தோள் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். உயரம் மாற்றுகிற கைப்பிடி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

மணலி, மீஞ்சூர், சோழவரம் பக்கம் நிலம் உள்ளவர்கள் முதலில் உங்கள் மண்ணிலேயே ஓட்டுகிற இரண்டு பேரைத் தேடிப் போய்ப் பாருங்கள். யாரும் கிடைக்காவிட்டால் நவரை நடவு முடிந்த பத்தாம் நாள் எங்கள் ஊருக்கு வாருங்கள், மாமா உங்கள் கையிலேயே கொடுத்து ஒரு வரிசை ஓட்டச் சொல்வார்.