ஏபல் டாஸ்மனில் "தனிக் கடற்கரை" என்று விற்கிறவர்களிடம் உஷார்

நியூசிலாந்தின் தென்தீவில், வடக்கு ஓரமாக இருக்கிற ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்காவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆளே இல்லாத பொன்மணல் கடற்கரைகளை ஒரே நாளில் காட்டுகிறோம் என்று ஒரு பேக்கேஜ். காலையில் படகில் டோட்டரனூயியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கரையோரமாக அவரோவா வரைக்கும் நடை. மதியம் இரண்டரைக்குப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். நான், அக்கா, மாமா மூன்று பேருக்கும் சேர்த்துக் கட்டினேன்.

இடத்தைக் குறை சொல்ல முடியாது. கிரானைட் பாறை உதிர்ந்த மணல், ஈரம் பட்ட இடத்தில் ஆரஞ்சு கலந்த பொன்னிறம். வழியில் கோட் பே, வைஹராகெகெ இரண்டிலும் எங்களைத் தவிர யாரும் இல்லை. (கடிக்கிற சின்ன ஈ மட்டும் ஏராளம், மருந்து தடவிக்கொண்டு போங்கள்.)

அவரோவா கழிமுகத்துக்கு வந்தால் ஒரே தண்ணீர். கரையில் பலகை வைத்திருக்கிறார்கள்: கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து, இரண்டு மணி நேரம் பின்பு வரைதான் கடக்கலாம். ஏற்றத்தின்போது சுற்றிப் போக வேறு பாதையும் கிடையாது. அன்றைக்குக் கடல் வற்றுவதே மாலை ஐந்துக்கு மேல். அதாவது மூன்றரைக்கு முன்னால் யாராலும் அக்கரை போக முடியாது, படகோ இரண்டரைக்கு. "ஏம்ப்பா, நீச்சல் தெரியுமான்னு புக்கிங்கிலேயே கேட்டிருக்கலாமே?" என்றார் மாமா. போன் செய்யலாம் என்றால் சிக்னல் இல்லை. வந்த வழியே டோட்டரனூயிக்குத் திரும்பி, வேறொரு வாட்டர் டாக்ஸிக்குத் தனியாகப் பணம் கொடுத்துத்தான் ஊர் சேர்ந்தோம்.

கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை மாதக்கணக்கில் முன்கூட்டியே கிடைக்கிறது. அதே கரையில் தினமும் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாது என்றால் எப்படி நம்புவது? கேட்டதற்கு, "நீங்கள்தான் குறித்த நேரத்துக்கு வரவில்லை, ரீஃபண்ட் கிடையாது" என்று ஒற்றை வரிப் பதில்.

அதற்கப்புறம்தான் பில்லை ஒழுங்காகப் பார்த்தேன். "பூங்கா நுழைவுக் கட்டணம்" என்று ஒரு வரி. இந்தப் பூங்காவுக்குள் நடக்க நுழைவுக் கட்டணமே கிடையாது. இரவு தங்கும் குடிலுக்கும் கூடார இடத்துக்கும்தான் பணம். அடுத்த வரி, "அவரோவா தனியார் கடற்கரை அனுமதி". இதுதான் வயிறெரிந்தது. தனியார் கையில் இருந்த அந்தக் கடற்கரையை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்றே 2016இல் ஏறக்குறைய 40,000 பேர் சிறுகச் சிறுகப் பணம் போட்டு, 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிப் பூங்காவோடு சேர்த்தார்கள். அதற்குத்தான் இவர்கள் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள்.

நியூசிலாந்தில் 1986ஆம் ஆண்டின் நியாய வணிகச் சட்டப்படி இப்படிப் பொய் சொல்லி விற்பது குற்றம். அதைக் குறிப்பிட்டு, பில்லையும் பலகையின் படத்தையும் இணைத்து மெயில் போட்ட பிறகு அந்த இரண்டு வரிப் பணம் மட்டும் திரும்பி வந்தது. படகுக்கான தொகைக்குக் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். பேக்கேஜ் இன்னமும் விற்பனையில்தான் இருக்கிறது. யாராவது டோட்டரனூயி–அவரோவா நடையை விற்றால், அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று முதலில் கேளுங்கள்; பதில் வராவிட்டால் அடுத்த கவுன்டருக்குப் போய்விடுங்கள்.