விளக்கெண்ணெயா, தேங்காயெண்ணெயா, கடை ஆயிலா? என்ஜினுக்கு எது?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் களத்துக்குக் களம் கொப்பரை காய்கிறது, எண்ணெய் ஆட்டுகிற இடத்திலேயே வாங்கலாம், அப்புறம் எதற்குக் கடை ஆயிலை வாங்கி என்ஜினில் ஊற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. மாட்டு வண்டி அச்சுக்கு நம்மவர்கள் விளக்கெண்ணெய்தானே போட்டார்கள்?

வழுவழுப்பை மட்டும் பார்த்தால் விளக்கெண்ணெயை அடிக்க ஆளில்லை. அதில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம், அது இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். 40 டிகிரி சூட்டில், நம் பைக்குகளுக்கு ஊற்றுகிற 20டபிள்யூ-40 ரக ஆயிலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டி. முதல் உலகப்போர் விமானங்களில் இருந்த சுழல் என்ஜின்கள் இதில்தான் ஓடின, ஏனென்றால் அவற்றில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் (கிராங்க் தண்டு சுழலும் அடிக்கூடு) வழியாகவே போகும், சாதாரண ஆயிலை அது கழுவிக்கொண்டு போய்விடும், விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த என்ஜினில் ஆயில் சுற்றி வராது. ஒரு தடவை உள்ளே போனால் புகையோடு வெளியே. (அந்தப் புகையைக் குடித்துக் குடித்து விமானிகளுக்கு வயிற்றால் போனது என்று சொல்வார்கள்.)

நம் டிராக்டர், பைக், கிணற்று மேட்டு ஆயில் என்ஜின் எல்லாம் அப்படி இல்லை. சம்ப்பில், அதாவது என்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியில், கிடக்கிற அதே ஆயில்தான் வாரக்கணக்கில் சூடாகி, ஆறி, திரும்பச் சூடாகிறது. வடைச்சட்டி விளிம்பில் பழுப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒரு பிசின் ஒட்டியிருக்குமே, பிஸ்டன் ரிங் காடியில் நடப்பதும் அதேதான். காற்றும் சூடும் பட்டு எண்ணெய் இறுகிப் போகும், ரிங் சிக்கிக்கொள்ளும், அமுக்கம் போய்விடும். பாதி விளக்கெண்ணெய், பாதி கடை ஆயில் என்று கலக்கிற யோசனையும் வேண்டாம், இரண்டும் சரியாகச் சேராது.

தேங்காயெண்ணெய் இந்த விஷயத்தில் தேவலை. 90 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு என்பதால் சீக்கிரம் பிசினாகாது. ஆனால் 100 டிகிரியில் அதன் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மையின் அளவு, 6 சென்டிஸ்டோக்ஸ் சுமாருக்கு இறங்கிவிடும், 40 கிரேடு ஆயிலுக்குக் குறைந்தது 12.5 வேண்டும். அதைவிடப் பெரிய வம்பு மார்கழிதான். பொள்ளாச்சியில் விடியற்காலை 20 டிகிரிக்குக் கீழே போனால் பாட்டிலில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும், குச்சி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும். சம்ப்பிலும் அப்படித்தான் உறையும். ஆயில் பம்ப் எதை இழுக்கும்? எண்ணெய் உருகி மேலே ஏறும்வரை கிராங்க்கும் கேமும் வறட்டு ஓட்டம்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்காரர்கள் சிலர் 2டி ஆயிலுக்குப் பதில் இதைப் பெட்ரோலில் கலந்து ஓட்டியதுண்டு. அதுவும் எரிந்து வெளியே போய்விடுகிற எண்ணெய்தான் என்பதால் ஒரு மாதிரி ஒப்பேறியது.

கடை ஆயிலில் இருக்கிற, மண்ணுக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய் பெரிய சூரன் ஒன்றும் இல்லை, சூரத்தனமெல்லாம் அதில் சேர்க்கும் மருந்தில். தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒன்று, கரியைக் கழுவ ஒன்று, கழுவிய கரியை அடியில் படியவிடாமல் மிதக்க வைக்க ஒன்று, எரிவதில் உண்டாகும் அமிலத்தை முறிக்க ஒன்று. "ஏனுங்க, ஆயில் கருக்குதுன்னா அது வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்க" என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்வது இதைத்தான். செக்கு எண்ணெயில் இது எதுவும் கிடையாது. மேலே ஈரமும் கசடும் வேறு, ஈரம் பட்டால் எண்ணெயே அமிலமாகப் பிரிந்து பேரிங்கை அரிக்கும். காசு மிச்சமாகும் என்பதும் 2025இல் தேங்காயெண்ணெய் ஏறிய ஏற்றத்தோடு முடிந்த கதை.

அதனால் சம்ப் உள்ள என்ஜினுக்குக் கடை ஆயில், இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. தாவர எண்ணெய்க்கு நான் ஓட்டுப் போடுவது மரம் அறுக்கிற செயின் வாளுக்கு. சங்கிலிக்கு விடுகிற எண்ணெய் அத்தனையும் தெறித்துத் தோப்பு மண்ணில்தான் விழுகிறது, அங்கே எதற்குப் பெட்ரோலிய ஆயில்? கடலை எண்ணெயே போதும், மார்கழியிலும் உறையாது. வேலை முடிந்து வாளைப் பரணில் போடுமுன் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஒரு அலசு அலசிவிடுங்கள், சும்மா கிடந்தால் சங்கிலி தான் ஓடுகிற இரும்புப் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.