நேர் எலக்ட்ரோடா, வளைந்த எலக்ட்ரோடா? முதலில் காக்ளியாவை அளப்போம்

உள்காதுக்குள் ஒரு கம்பியை நுழைத்து, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவிதான் காக்ளியர் இம்பிளான்ட். அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அப்படிக் கேட்பவர்கள் மனதில் வைத்திருப்பது காதுக்கு வெளியே மாட்டும் ப்ராசஸரை. அதன் நிறம், பேட்டரி, ப்ளூடூத் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஒப்பிடவும் சுலபம். அதைச் சில வருடங்களில் மாற்றிக்கொள்ளவும் முடியும். உள்ளே போகும், வரிசையாக மின்முனைப் புள்ளிகள் பதித்த எலக்ட்ரோடு கம்பி அப்படியல்ல. பழுதானால் ஒழிய, ஒருமுறை நுழைத்தால் நுழைத்ததுதான். அதனால் இங்கே ப்ராசஸரை விட்டுவிடுகிறேன். கம்பியை மட்டும் பார்க்கலாம்.

கம்பிக்கு முன்னால் அது போகும் இடம். காக்ளியா, அதாவது நத்தைக்கூடு, இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுருண்ட எலும்புக் குழாய். அதன் நடுவே ஒரு எலும்புத் தண்டு. செவி நரம்பின் செல்கள் அந்தத் தண்டுக்குள்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. குழாய்க்குள் நீளவாக்கில் மூன்று அறைகள். எலக்ட்ரோடு போக வேண்டியது கீழறைக்குள். வாசலில் கீச்சுக் குரல்கள், உள்ளே போகப் போகக் கனத்த குரல்கள் என்று ஒவ்வொரு ஒலிக்கும் அதில் ஒரு முகவரி உண்டு.

இந்தக் குழாயின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு 30 மி.மீ.க்கும் கீழே, சிலருக்கு 36-ஐத் தாண்டும். "குழந்தைதானே, சின்ன கம்பி போதுமே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: காக்ளியா பிறக்கும்போதே முழு அளவில் இருக்கிறது. சின்னதா பெரியதா என்பதை வயது சொல்லாது, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். ஸ்கேனில் வட்டச் சாளரத்திலிருந்து (நடுக்காதிலிருந்து காக்ளியாவுக்குள் போகும் சவ்வு மூடிய வாசல்) எதிர்ச் சுவர்வரை ஒரு கோடு இழுப்பார்கள். அது சராசரியாக 9 மி.மீ. பக்கம் இருக்கும். அந்த ஒரு எண்ணை வைத்தே மொத்தக் குழாயின் நீளத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம்.

ஒரு சுழல் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நடுத்தூணை ஒட்டியே ஏறுகிறார், இன்னொருவர் வெளிச் சுவரை உரசிக்கொண்டு ஏறுகிறார். இரண்டு பேரும் ஒரே சுற்றுதான் சுற்றுகிறார்கள், ஆனால் உள்ளே போகிறவருக்கு நடை குறைவு. வளைந்த எலக்ட்ரோடு நடுத்தூண்காரர், நேர் எலக்ட்ரோடு வெளிச்சுவர்க்காரர்.

வளைந்தது தயாரிக்கும்போதே சுருட்டி வைக்கப்பட்டது. உள்ளே போகும்வரை ஒரு உறையோ கம்பியோ அதை நேராகப் பிடித்திருக்கும், விட்டதும் தண்டைக் கட்டிக்கொள்ளும். காக்ளியர் நிறுவனத்தின் ஸ்லிம் மோடியோலர் இந்த வகை. நரம்புச் செல்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குறைந்த மின்னோட்டத்திலேயே வேலை நடக்கும். மின்சாரம் பக்கத்து இடங்களுக்குக் கசிவதும் குறைவு. ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற காது எலும்பு நோய் வந்து எலும்பு மிருதுவானவர்களுக்கு இது பெரிய விஷயம். அவர்களிடம் கசியும் மின்னோட்டம் பக்கத்தில் ஓடும் முக நரம்பைத் தொட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கன்னமோ கண்ணிமையோ துடிக்கும். தண்டை ஒட்டிய கம்பியில் அந்தத் தொல்லைக்கு வாய்ப்பு குறைவு.

இதற்கென்று ஆபத்தும் உண்டு. பழைய, தடித்த வளைந்த கம்பிகள் இடையில் இருக்கும் மெல்லிய தடுப்பைக் கிழித்துக்கொண்டு மேலறைக்குத் தாவிவிடுவது உண்டு. புதிய மெல்லிய கம்பிகளில் அது வெகுவாகக் குறைந்தது. பதிலுக்கு இன்னொன்று வந்தது. நுனி மடங்கிக்கொள்வது. அறுவை அரங்கிலேயே எக்ஸ்ரே எடுத்தால், அழகான சுருளுக்குப் பதில் கொண்டை ஊசி மாதிரி திரும்பிய முனை படத்தில் தெரியும். அப்போதே உருவி மறுபடி நுழைத்துவிடலாம். எக்ஸ்ரேயோ மின் சோதனையோ பார்க்காமல் தையல் போட்டுவிட்டால், பல மாதங்கள் கழித்து மேப்பிங்கில், அதாவது ஒவ்வொரு புள்ளியின் (ஒரு சேனலின்) மின் அளவையும் சரிசெய்யும்போது, "இந்த மூன்று சேனலும் ஏன் ஒரே மாதிரி கேட்கிறது?" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நேர் கம்பி மிருதுவான சிலிக்கோன் இழை. வட்டச் சாளரத்தின் சவ்வைத் திறந்து, மிக மெதுவாக, நிமிடக்கணக்கில் தள்ளுவார்கள். விரலில் லேசான தடை தெரிந்தால் நிறுத்தவேண்டும். அந்த இடத்தில் காட்டும் முரட்டுத்தனம் ஒரு மடிப்பாகவோ கிழிசலாகவோ முடியும். பக்குவமாகச் செய்தால் உள்ளே சேதம் குறைவு. அதனால்தான் கனத்த ஒலிகள் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இதையே சிபாரிசு செய்கிறார்கள். மிச்சமிருக்கும் கேட்புத்திறன் தப்பினால், அதே காதில் கீழ்ஸ்தாயிக்கு ஹியரிங் எய்டும் மேல்ஸ்தாயிக்கு இம்பிளான்ட்டும் சேர்ந்து வேலை செய்யலாம். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த ஃபொன் இல்பெர்க் குழு 1999-இல் வெளியிட்ட யோசனை இது. என்னைக் கேட்டால், கொஞ்சமாவது கேட்கும் காதில் வளைந்ததை வைக்கச் சொல்பவர் அதற்கு அழுத்தமான காரணம் சொல்ல வேண்டும்.

நேர் கம்பியிலேயே நீளப் போட்டி தனி. மெட்-எல் நிறுவனத்தில் 31.5 மி.மீ., 28, 24, 20 என்று வரிசையாக உண்டு. நீளமானது இரண்டாவது சுற்றுக்குள்ளும் போய்க் கனத்த குரல்களின் முகவரியைத் தொடும். வளைந்தது பெரும்பாலும் ஒரு சுற்றைச் சற்றே தாண்டி நின்றுவிடும். அப்படியானால் நீளமே மேல் என்று முடிவு கட்டலாமா? கூடாது. தண்டுக்குள் நரம்புச் செல்கள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்றோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் தள்ளிய புள்ளிகள் ஒரே கூட்டத்தைத்தான் தட்டி எழுப்பும், இரண்டு மூன்று சேனல்கள் ஒரே ஸ்வரமாகக் கேட்கும். குட்டிக் காக்ளியாவில் 31.5-ஐத் திணித்தால் இன்னொரு தொல்லை. கடைசி ஒன்றிரண்டு புள்ளிகள் வாசலுக்கு வெளியே நடுக்காதில் தொங்கும், அவற்றை அணைத்து வைக்கத்தான் வேண்டும்.

கம்பியில் உள்ள எலக்ட்ரோடு புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு: காக்ளியர் 22, அட்வான்ஸ்ட் பயோனிக்ஸ் 16, மெட்-எல் 12. இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். உப்பு நீர் நிரம்பிய குழாயில் மின்சாரம் பரவிவிடும் என்பதால், பலருக்கு எட்டுச் சேனலுக்கு மேல் கூட்டினாலும் பேச்சுப் புரிதல் பெரிதாக ஏறுவதில்லை. தண்டை ஒட்டிய கம்பிகளில் அந்த வரம்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த ஒப்பீடு எனக்கு இன்னும் சுவாரசியமானது: மேப்பிங். அறுவை முடிந்து சில வாரங்களில் சுவிட்ச் ஆன் செய்கிறார்கள். ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு எலக்ட்ரோடிலும் மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவார். லேசாகக் கேட்கத் தொடங்கும் அளவையும் சத்தமாக இருந்தாலும் தாங்கக்கூடிய அளவையும் குறித்துக்கொள்வார். அப்புறம் எல்லாச் சேனலையும் ஒன்றாகத் திறப்பார். பேச்சு தெரிந்த பிறகு காது போனவர்கள் அந்த நிமிடத்தில் முகம் சுளிப்பது வழக்கம். மனைவியின் குரல் கார்ட்டூன் எலிக்குரல் மாதிரி இருக்கிறது என்பார்கள்.

எலிக்குரலுக்கு ஒரு பெரிய காரணம் முகவரிக் குழப்பம். காக்ளியாவின் முதல் சுற்று முடியும் இடம் இயற்கையில் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு உரியது. கம்பியின் நுனி அங்கேயே நின்றிருக்க, காக்ளியர் கருவியின் வழக்கமான மேப் 188 ஹெர்ட்ஸில் தொடங்கும் ஒலிகளை அந்த நுனிக்கு அனுப்புகிறது. இரண்டு ஸ்தாயிக்கும் மேலே போய்க் கேட்கிறது. வழக்கமான மேப் எல்லாருக்கும் ஒரே பங்கீடுதான். உடற்கூறு சார்ந்த மேப் என்பது அறுவைக்குப் பின் எடுக்கும் சி.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்குரிய ஒலியை அதற்குக் கொடுப்பது.

காகிதத்தில் இரண்டாவதுதான் ஜெயிக்க வேண்டும். நடைமுறையில் பாதிக் கிணறுதான். மூளை வளைந்துகொடுக்கிறது, பலர் வழக்கமான மேப்பிலேயே சில மாதங்களில் எலிக்குரலை மறந்துவிடுகிறார்கள். கம்பி ஆழம் குறைவாக இருந்தால் உடற்கூறு மேப்பை அப்படியே பின்பற்றவும் முடியாது. 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் தூக்கி எறிந்தால் பேச்சில் பாதி போய்விடும். ஆக, ஆழமாகப் போன கம்பிக்குத்தான் இந்த மேப் முழுப் பலன் தரும். முதல் ஒப்பீடும் இரண்டாவதும் இங்கேதான் கைகோத்துக்கொள்கின்றன. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்குப் பழைய முகவரி எதுவும் ஞாபகத்தில் இல்லை. அங்கே உடற்கூறு மேப்புக்காக நான் பெரிதாக வாதாட மாட்டேன். கேட்டதைச் சொல்லத் தெரியாத அந்த வயதில், நரம்பின் மின் பதிலையும் நடுக்காதுத் தசையின் அனிச்சைச் சுருக்கத்தையும் அளந்து மேப்புக்கு அடித்தளம் போடுவதுதான் முக்கியம்.

எதிர்முனையில் இருப்பவர் ஒரு காது நன்றாகக் கேட்டு, மறு காதில் மட்டும் இம்பிளான்ட் வைத்தவர். அவர் ஏமாறவே மாட்டார். நல்ல காதில் ஒரு ஸ்வரத்தைப் போட்டு, கருவிக் காதில் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிக் காட்டினால், "இது மேலே போகிறது, கீழே இறக்குங்கள்" என்று வீணைக்குச் சுதி சேர்ப்பவர் மாதிரி அவரே சொல்லிவிடுவார்.