பழைய லேப்டாப்புல பைத்தான் எழுத ஜீனி எடிட்டர், ஒரு வருசம் ஓட்டுனதுல தெரிஞ்சது

முதல்ல ஒண்ணு சொல்லீர்றனுங்க, நான் ஐடி ஆளெல்லாம் இல்ல, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கணக்கு பாக்கறேன். சனிக்கிழமையானா பீஸ் ரேட் சம்பளம் போடோணும், ஓவர்லாக், ஃப்ளாட்லாக், செக்கிங் இப்பிடி எல்லா வேலைக் கூலியையும் ஒட்டுக்கா கூட்டறதுக்குத்தான் பைத்தான்ங்கற ப்ரோக்ராம் மொழியக் கத்துக்கிட்டேன். நம்ம லேப்டாப்பு 4 ஜிபி ரேம், எல்லாரும் சொல்ற அந்தப் பெரிய எடிட்டரப் போட்டா அது தொறக்கறதுக்குள்ள டீக்கடைக்குப் போயிட்டே வந்தர்லாம்.

அப்பறம் போட்டதுதான் ஜீனி (Geany), கோடு எழுதறதுக்கான ஒரு சின்ன சாஃப்ட்வேர். சக்கரைய நம்ம பக்கம் அஸ்கான்னுதான் சொல்லுவோம், சில ஊர்ல அதைத்தான் ஜீனின்னுவாங்க, ஆனா இது அந்த ஜீனி இல்லீங்க. காசு கெடையாது, தொட்டா தொறந்துக்குது. ஆனா பைத்தான இது கொண்டாராது, அது தனியா போடோணும், போடறப்ப கீழ பாத்-ல (PATH, கம்ப்யூட்டரு ப்ரோக்ராமத் தேடற எடம்) சேக்கவான்னு ஒரு டிக் இருக்கும், அத வுட்டுட்டீங்கன்னா ஓடவுடற எஃப்5 பட்டன அமுக்குனாலும் பைத்தான் எங்கன்னு கேட்டுட்டு நிக்கும்.

எனக்கு ஒரு நாள் பூராம் போனது டேப்புலதான், அதாவது வரிக்கு முன்னாடி எடம் வுடறதுக்கு அமுக்கற டேப் கீ. தெரிஞ்ச பையன் குடுத்த கோடுல பாதிய ஒட்டி மீதிய நான் அடிச்சேன், கண்ணுக்கு எல்லாம் நேரா இருக்குது, ஓடவுட்டா டேப் எரர். பொறவு வியூ மெனுல ஒயிட் ஸ்பேஸ் காட்டறத ஆன் பண்ணிப் பாத்தா, என்னுது புள்ளி புள்ளியா ஸ்பேஸு, அவனுது அம்புக்குறி போட்டு டேப்பு, ரெண்டும் கலந்தா பைத்தான் ஒத்துக்காது. ஓவர்லாக்ல ஒரு நூலு மட்டும் டென்சன் ஏறிப்போனா துணி சுருக்கிக்குமே, அதாட்டத்தான். ப்ரிஃபரன்சஸ்ல எடிட்டர், இன்டென்டேசன், அங்க டைப்ப ஸ்பேஸ்னும் அகலத்த 4ன்னும் வெச்சர்ங்க, பைத்தான்காரங்களே பெப் 8ங்கற (PEP 8) கோடு எழுதற முறைக் குறிப்புல 4 ஸ்பேஸுதான் சொல்லியிருக்காங்க. பழைய ஃபைலுக்கு டாக்குமென்ட் மெனுலயே டேப்ப ஸ்பேஸா மாத்தற வேல இருக்குது.

கொறைன்னா, ஒவ்வொரு வரியா நிறுத்திப் பாக்கற வசதி பைத்தானுக்கு இதுல இல்ல, நானு நடுநடுவ பிரின்ட் போட்டுத்தான் ஓட்டறேன். அது வேணும்னா தானின்னு (Thonny) இன்னொரு எடிட்டர் இருக்குது, அதப் போடுங்க, எஸ்தோனியா நாட்டு டார்ட்டு யுனிவர்சிட்டில பண்ணுனது, பைத்தானும் அதுக்குள்ளயே வந்துரும். எங்கக்கா பொண்ணுக்கு அதத்தான் போட்டுக் குடுத்தேன், எந்த வேரியபிள்ல (மதிப்பு வெக்கற பேரு) என்ன இருக்குதுன்னு பக்கத்துலயே காட்டறதால, இப்ப என்னைய ஃபோன் போட்டு அரிக்கறதில்ல.

ஜீனிக்கு 5க்கு 4 குடுக்கலாமுங்க.