கவுலூனா, ஹாங்காங் தீவா: இரவில் எந்தக் கரைக்குத் திரும்புவது?

ஹாங்காங்குக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கரையில் தங்கப் போகிறீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் பதில் இருக்காது. செயலியைத் திறந்து, விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, படம் பார்த்து ஓர் ஓட்டலைப் பிடித்திருப்பார்கள். அது துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறதா, தெற்கே இருக்கிறதா என்று கவனித்திருக்க மாட்டார்கள். ஐந்து நாள் பயணம் எப்படி அமையும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அதுதான்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விக்டோரியா துறைமுகம். தெற்கே மலையும் உயர்ந்த கட்டடங்களுமாக ஹாங்காங் தீவு. 1842-இல் நான்ஜிங் உடன்படிக்கை மூலம் பிரிட்டன் கைக்குப் போனது. வடக்கே சீன நிலத்தோடு ஒட்டிய கவுலூன். அது 1860-இல் சேர்ந்தது. இன்று இரண்டும் ஒரே நகரம். கவுலூனின் தென்முனையான சிம் ஷா சூய் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தமே அக்கரை. ஆனாலும் இரண்டும் இரண்டு ஊராகத்தான் எனக்குத் தோன்றுகின்றன.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் வாக்கு கவுலூனுக்கு. அதிலும் சிம் ஷா சூய், ஜோர்டான் பக்கம். ஹாங்காங் என்றதும் நம் கண்ணில் நிற்கிற காட்சி, நீரில் ஒளியைக் கொட்டியபடி வரிசையாக நிற்கும் கோபுரங்களும் அவற்றுக்குப் பின்னால் இருண்ட மலையும், எதிர்க்கரையிலிருந்துதான் முழுதாகக் கிடைக்கும். தீவில் தங்கினால் நீங்கள் அந்தக் காட்சிக்கு உள்ளே இருப்பீர்கள். அதைப் பார்க்க முடியாது. சிம் ஷா சூய் படகுத்துறையை ஒட்டி 1915-ஆம் ஆண்டின் மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. பழைய ரயில் நிலையத்தை இடித்தபோது மிச்சம் வைத்தது. அதிலிருந்து தொடங்கி கரையோரமாக நடக்கலாம். தினமும் இரவு 8 மணிக்குக் கட்டடங்களில் ஒளிக்காட்சி உண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது, காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அங்கேயே உட்கார்ந்திருப்பது. அம்மாவை அழைத்துப் போயிருந்தபோது, அறைக்குத் திரும்பிக் காலைக் கழுவிக்கொண்டு படுக்கப் போனவர், "இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றார். மணி பத்தரை. ஐந்து நிமிட நடை என்பதால் போனோம். தீவில் தங்கியிருந்தால் அந்த இரண்டாவது தடவை நடந்திருக்காது.

சாப்பாட்டிலும் நம்மவர்களுக்குக் கவுலூன்தான் சுலபம். நேதன் சாலையிலிருக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ் 1961-இல் கட்டிய 17 மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் சமோசா முதல் நாணய மாற்று வரை எல்லாம் உண்டு, மேலே நிறைய விடுதிகள். இட்லி, தோசை கிடைக்கும் சைவ உணவகங்களும் சிம் ஷா சூய் வட்டாரத்தில் இருக்கின்றன. அதே சாலையில் சற்றுத் தள்ளிக் கவுலூன் பள்ளிவாசல். காயல்பட்டினத்திலிருந்து ரத்தினக் கல் வியாபாரத்துக்கு வந்து தலைமுறைகளாக இங்கே காலூன்றிய குடும்பங்கள் உண்டு. ஆகவே தெருவில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சீன உணவகங்களில் சைவம் கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மேலே சிப்பிச் சாறு ஊற்றியோ கோழி வேகவைத்த நீரில் சமைத்தோ வரலாம். பௌத்த சைவ உணவகங்களைத் தேடிப் போவது நல்லது.

கவுலூனில் குறை என்றால் அறைகளின் அளவுதான். மலிவான விடுதிகள் பலவும் பழைய அடுக்குமாடிகளுக்குள் இருக்கின்றன. என் முதல் பயணத்தில் நான் பிடித்த விடுதியின் படத்தில் அறை தாராளமாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க இடமில்லை. ஒருவர் கட்டிலில் ஏறினால்தான் மற்றவர் கழிப்பறைக்குப் போக முடியும். அதிலிருந்து படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சதுர அடி எத்தனை என்று மட்டும் பார்க்கிறேன். இரண்டு பேருக்கு 120 சதுர அடிக்குக் கீழே என்றால் வேண்டாம்.

சரி, தீவு எதற்கு?

ட்ராமுக்காகவே தீவில் தங்கலாம். 1904-இல் தொடங்கிய ட்ராம், இப்போது இரட்டை அடுக்கு வண்டிகளாக, தீவின் வடகரையில் மட்டும்தான் ஓடுகிறது. மணியோசையை வைத்து ஊர்க்காரர்கள் அதை "டிங் டிங்" என்கிறார்கள். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் காசு கொடுக்க வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், மூன்று ஹாங்காங் டாலரைச் சுற்றித்தான். காலை ஏழு மணிக்கு, மேல் அடுக்கின் முன்னிருக்கையில் உட்கார்ந்து, தீவின் வடகரையிலுள்ள ஷுங் வானிலிருந்து கிழக்கே போய்ப் பாருங்கள். காய்ந்த மீனும் கடல் அட்டையும் விற்கும் கடைகள் கதவைத் திறப்பது, வங்கிக் கோபுரங்களுக்கிடையே அலுவலகக் கூட்டம் சாலையைக் கடப்பது, சந்தைக் கூரைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நகரும். அந்த ட்ராம் பாதையின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்துக் கரை வெளியே போய்விட்டது.

ஷுங் வானில் தங்கினால் மான் மோ கோயிலுக்குக் காலையில் கதவு திறந்ததுமே நடந்து போய்விடலாம். கூரையிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் ஊதுவத்திகளின் புகையில் வெளிச்சம் இறங்குவதை, சுற்றுலாக் குழுக்கள் வருவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். லாம்மா, சுங் சாவ் போன்ற சிறு தீவுகளுக்குப் படகு, தீவின் வங்கி, அலுவலக வட்டாரமான செண்ட்ரலின் படகுத்துறையிலிருந்துதான் புறப்படுகிறது. மலைப்பாதை நடைக்கும், தெற்கே ஸ்டான்லி கடற்கரைக்கும் தீவே வசதி. விக்டோரியா சிகரத்துக்கு 1888-லிருந்து ஓடும் இழுவை ரயிலில் வரிசை நீளமாக இருந்தால் 15-ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையும் அழகுதான்.

ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் பக்கம் சிரமம். கடற்கரைச் சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால் படிக்கட்டுதான் தெரு. செண்ட்ரலிலிருந்து மலைச்சரிவுக்குப் போகும் 800 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு உதவும். ஆனால் காலை 10 மணி வரை அது கீழ்நோக்கி மட்டும் ஓடும், அதற்கப்புறம் நள்ளிரவு வரை மேல்நோக்கி. அம்மாவோடு காலையில் மேலே ஏறவும், மதியம் கீழே இறங்கவும் கிளம்பி இரண்டு முறையும் படியில் நடந்தோம். நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். அறை வாடகையும், அதே தரத்துக்கு, இந்தப் பக்கம் பெரும்பாலும் கூடுதலாகவே பார்த்திருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து வருவதில் பெரிய வித்தியாசமில்லை. விரைவு ரயில் தீவுக்கு 24 நிமிடம், கவுலூனுக்கு அதைவிடக் குறைவு. இரண்டு, மூன்று பேராகப் போனால் பேருந்து மிச்சம்: நேதன் சாலைக்கு ஏ21, தீவுக்கு ஏ11. பேருந்து ஓட்டலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும் என்பதால் பெட்டியோடு மெட்ரோ சுரங்கங்களில் அலைய வேண்டியதில்லை.

கரை மாற என்ன செய்வது? மெட்ரோ வேகம். ஸ்டார் ஃபெர்ரி படகு பத்து நிமிடம், ஐந்தாறு டாலர். டோராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சி வணிகர் 1888-இல் தொடங்கிய சேவை இது. போகும் திசைக்கேற்ப முதுகுச் சாய்வைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் மர இருக்கைகள் இன்னும் இருக்கின்றன. நேரமிருந்தால் தினம் ஒரு முறையாவது இதில்தான் கடக்க வேண்டும் என்பேன். இரவு 11 மணிக்கு மேல் மட்டும் படகை நம்ப வேண்டாம். நள்ளிரவு தாண்டி டாக்ஸியில் கரை மாறினால், வண்டி திரும்பிப் போவதற்கான சுரங்கச் சுங்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டி வரலாம். இரவு வாழ்க்கை, இசை என்று லான் குவாய் ஃபாங் பக்கமே பொழுதைக் கழிக்க நினைப்பவர்கள் இதற்காகவே தீவில் தங்கலாம். இரவுச் சந்தைதான் உங்கள் விருப்பம் என்றால் டெம்பிள் தெருவும் மோங் கொக்கும் கவுலூனில்.

டிஸ்னிலேண்ட், லாண்டாவ் தீவின் பெரிய புத்தர் ஆகியவற்றுக்கு எந்தக் கரையும் ஒன்றுதான். அவற்றை வைத்து ஓட்டலை முடிவு செய்யாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கிளம்புமுன் இணையத்தில் ஹாங்காங் நுழைவுக்கான முன்பதிவுச் சீட்டு எடுத்துவிட வேண்டும். அதில் 14 நாள் வரை தங்கலாம். கோடையில் புயல் எச்சரிக்கை 8-ஆம் எண் ஏற்றினால் படகும் பேருந்தும் நிற்கும், கடைகள் மூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போனால் அந்தக் கவலை குறைவு, வெயிலும் இதமாக இருக்கும்.

இப்போது நான் போனால் முதல் மூன்று இரவு சிம் ஷா சூய், கடைசி இரண்டு இரவு ஷுங் வான். நான்காம் நாள் காலை பெட்டியை உருட்டிக்கொண்டு படகில் ஏறுவேன். மூன்று இரவு கரையில் உட்கார்ந்து பார்த்த கோபுரங்கள் அன்றைக்குப் பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே பக்கத்தில் வரும்.