செயலி நிறுவும்போது எது தெளிவாகச் சொல்கிறது: க்னோம் சாஃப்ட்வேரா, டிஸ்கவரா?

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) பக்கம் போகாமலேயே செயலிகளை நிறுவிக்கொள்ளலாம். அதற்கான செயலிக் கடையாக க்னோம் டெஸ்க்டாப்பில் க்னோம் சாஃப்ட்வேர் இருக்கிறது, கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் டிஸ்கவர். உள்ளே வேலை செய்யும் பேக்கேஜ்கிட்டும் (சிஸ்டத்தின் சொந்த பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, நிறுவ உதவுவது) ஃபிளாட்பேக்கும் (எந்த லினக்ஸிலும் ஓடும்படி செயலிகளைத் தரும் முறை) பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுதான். வேலை ஓடும்போது நமக்கு என்ன காட்டுகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

க்னோமில் நிறுவும் பட்டனை அழுத்தினால் அந்தப் பக்கத்திலேயே முன்னேற்றப் பட்டை வரும், கூடவே ரத்து செய்யும் பட்டன். ஒரே ஒரு செயலி என்றால் இது போதும். நான்கைந்தை வரிசையில் போட்டுவிட்டு வேறு எதையாவது தேடப் போனால், எது முடிந்தது, எது காத்திருக்கிறது என்று பார்க்க இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும்.

டிஸ்கவரில் இந்தச் சிக்கல் இல்லை. இடப்பக்கப் பட்டியின் அடியில் மொத்தச் சதவீதம் எப்போதும் கண்ணில் படும். அதை அழுத்தினால் ஓடும் வேலைகளின் பட்டியல் திறக்கும். செயலியின் பெயர், இப்போது எந்தக் கட்டம், என்ன வேகம், இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வேகம் தெரிவதை நான் பெரிதாக மதிக்கிறேன். பட்டை நகராமல் நிற்கும்போது நெட் மெதுவாக இருக்கிறதா, வேலையே நின்றுவிட்டதா என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் தொடங்கும் முன் எச்சரிப்பதில் க்னோமின் கை ஓங்கியிருக்கிறது. சின்னச் செயலிதானே என்று ஃபிளாட்பேக்கில் நிறுவப் போனால், அது ஓடத் தேவையான பொதுக் கோப்புகளின் தொகுப்பான ரன்டைம் சில நூறு எம்பி இழுக்கும். செயலியின் அளவு இவ்வளவு, கூடுதலாக இறங்குவது இவ்வளவு என்று க்னோம் தனியாகக் காட்டிவிடுகிறது. மொபைல் டேட்டாவில் இருப்பவருக்கு இது எவ்வளவு முக்கியம்! ஃபிளாட்பேக் சொல்லும் அளவும் உச்சவரம்புதான். கணினியில் ஏற்கெனவே உள்ள கோப்புகளை அது மறுபடி இறக்காது. அதனால்தான் டெர்மினலில் அளவுக்கு முன்னால் ‘<’ குறி போடுகிறது.

இறங்குவதை பைட் கணக்கில் அளந்துவிடலாம். உண்மையான சிக்கல் நிறுவலில்தான். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏபிடி காட்டும் சதவீதம் படிகளின் எண்ணிக்கையை வைத்து வருவது, நேரத்தை வைத்து அல்ல. எழுத்துரு ஒன்றை அமைப்பதும் ஒரு படி, சிஸ்டத்தின் மையமான கர்னலை அமைத்து, கணினி தொடங்கும்போது தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைக் கட்டுவதும் ஒரு படி. முதலாவது நொடியில் முடியும், இரண்டாவது பழைய கணினியில் நிமிடக்கணக்கில் இழுக்கும். பட்டை அங்கே நிற்பதைப் பார்த்து ‘தொங்கிவிட்டது’ என்று பவர் பட்டனை அழுத்தினால், பேக்கேஜ்கள் பாதியில் நின்று, அப்புறம் டெர்மினலில்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆண்ட்ராய்டின் பிளே ஸ்டோர் இதை எளிமையாகக் கையாள்கிறது. இறங்கும்வரை மொத்த எம்பியில் எத்தனை சதவீதம் என்று எண்ணாகக் காட்டும். நிறுவல் தொடங்கியதும் எண்ணை எடுத்துவிட்டு, ‘நிறுவுகிறது’ என்று மட்டும் சொல்லும். அளக்க முடியாததற்கு எண் கொடுக்காமல் இருப்பது நேர்மையான முடிவு. ஃபோனில் அந்தக் கட்டம் சீக்கிரம் முடிவதால் அது போதும். கர்னல் அப்டேட்டுக்குப் போதாது.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் க்னோம் சிஸ்டம் அப்டேட்டுகளை மறுதொடக்கத்தின்போது நிறுவுகிறது. கணினியை அணைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் சதவீதமும் முழுத் திரையில் வருகின்றன. எந்த பேக்கேஜ் ஓடுகிறது என்று தெரியாவிட்டாலும், அந்த எச்சரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

எனக்கு எது என்றால், டிஸ்கவர்தான். பல வேலைகளை ஒன்றாக ஓட்டுகிறவருக்கு அந்தப் பட்டியல் இல்லாமல் முடியாது. வீட்டில் பெரியவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுத்தால் க்னோமை வைப்பேன். இரண்டு குழுக்களிடமும் கேட்பது ஒன்றுதான்: நிறுவல் நீளும்போது ‘கர்னல் அமைக்கப்படுகிறது, சில நிமிடங்கள் ஆகலாம்’ என்று ஒரு வரி காட்டுங்கள். எந்த பேக்கேஜில் நிற்கிறது என்ற தகவலை, ஏபிடிக்கு அடியில் நிறுவலைச் செய்யும் டிபிகேஜி ஏற்கெனவே வெளியே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.